அப்பா தனக்கு வரையாத அறை

ஈர மண்ணில் சுண்ணாம்புத் தூள் விழும்போது ஒரு வாசம் வரும். மூக்கில் லேசாக ஏறி, தும்மல் வருவது போல் வந்து, வராமல் போகும்...

வட்டகொடைக்கு மேலே நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்த வருடம். நான் கெம்பஸ் லீவில் வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா கயிறு பிடிக்க, கொத்து வேலை செய்யும் மேசன் பாஸ் ஒரு டின்னிலிருந்து சுண்ணாம்பைத் தூவித் தரையில் கோடு போட்டார். மறுநாள் காலையில் அந்தக் கோட்டிலேயே அஸ்திவாரம் வெட்டுவார்கள்.

ஹோல். சமைக்கக் குசினி. முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு. உள்ளே இரண்டு சின்ன அறைகள்.

"இது மூத்தவளுக்கு. இது சின்னவளுக்கு" என்றார் அப்பா.

தங்கச்சி வனிதா தன் கோட்டுக்குள் குதித்து நின்றுகொண்டாள். "யாரும் உள்ள வரப்படாது. கதவத் தட்டிட்டுத்தான் வரணும்."

"கதவே இல்லையே, எதத் தட்டுறது?" என்றார் பாஸ்.

"அவ மண்டையத் தட்டுங்க" என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு காம்பரா, ஒற்றை அறை. நான் பெரிய பிள்ளையான வருடம் அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போனார். பனி உள்ளே வராமல் ஒரு கொழுந்துச் சாக்கைக் கட்டித் தொங்கவிட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அம்மா எனக்கும் வனிதாவுக்கும் நடுவில்.

எட்டு வருடம்.

இப்போது தரையில் போட்ட இஸ்தோப்பும் கொஞ்சம் அகலமாகத்தான் இருந்தது. அப்பா அதைப் பாதத்தால் அளந்து பார்த்தார். ஆறடி. அவர் நீட்டிப் படுக்கிற அளவு...

"நீங்க எங்கப்பா படுப்பீங்க?"

நான் அப்பாவிடம் நேராகக் கேள்வி கேட்பதே அபூர்வம். அவர் இஸ்தோப்புக் கோட்டைக் காட்டினார்.

"இந்தா, இங்கதான். காத்தோட்டமா இருக்கும்."

"காத்தோட்டமாம்! பட்டிப்பொல குளிர்காத்து இவருக்கு மட்டும் ஃபேன் காத்து" என்றார் அம்மா. "நான் புள்ளைங்களோட கெடந்துக்குவேன்."

அவ்வளவுதான். அவர்கள் இருவருக்கும் அதில் பேச ஒன்றுமில்லை.

எனக்கு இருந்தது. ஆனால் அம்மாவும் அப்பாவும் ஓர் அறையில் இருக்கட்டும் என்று ஒரு மகள் எப்படிச் சொல்வது? லயத்தில் அதெல்லாம் பேசுகிற விஷயமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். இந்தப் பக்கம் வயது வந்த பிள்ளைகள்.

பாஸின் கையிலிருந்த டின்னை வாங்கினேன். எனக்கென்று போட்ட அறைக்குள் போய், தரையில் ஒரு கட்டில் வரைந்தேன். பெரிய கட்டில். தலைமாட்டில் இரண்டு தலையணை.

"இது உங்க ரெண்டு பேருக்கும். நானும் வனிதாவும் அந்த ரூம்ல."

"அக்கா!" என்று கத்தினாள் வனிதா.

அப்பா கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தார். "எங்களுக்கு எதுக்குப் புள்ள ரூமு? நீ படிக்கிறவ. மேச போட வேணாமா?"

"ஹோல்ல போட்டுக்கிறேன்."

"லயத்து ஆளுங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்ப்பா."

இதை நான்தான் சொன்னேனா என்று இன்றும் சந்தேகமாக இருக்கிறது.

பாஸ் தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிப் பீலிப் பக்கம் நடந்தார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, வெட்டிப்போட்ட மானாப்புல்லின் வேர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கோபம் என்று நினைத்தேன். அவமானப்படுத்திவிட்டேனோ என்றும் பயந்தேன்.

பாஸ் திரும்பி வந்த பிறகுதான் அம்மா வாய் திறந்தார். அப்போதும் எங்கள் பக்கம் திரும்பவில்லை.

"பாஸ்... அந்த ரூமுக்கு ஜன்னல கெழக்கப் பாத்து வையிங்க. வேலைக்குப் போக நான் வெள்ளன எழும்பணும்."

அப்பா இஸ்தோப்புக் கோட்டைச் செருப்பால் அழித்தார். இரண்டடி உள்ளே தள்ளிப் போடச் சொன்னார். இனி அது நாலடி, யாரும் நீட்டிப் படுக்க முடியாது.

வீடு முடிய ரொம்ப நாள் ஆனது. குடிவந்த முதல் மாதம் அந்த அறைக் கதவை அவர்கள் சாத்தவே இல்லை. வெட்கம். பிறகு ஒரு மழை நாளில் காற்றடித்துத் தானாகச் சாத்திக்கொண்டது. யாரும் எழுந்து திறக்கவில்லை...

இப்போது எனக்கு நுவரெலியாவில் வேலை. லீவுக்கு வீட்டுக்குப் போனால் பார்ப்பேன், சாயங்காலத் தேத்தண்ணீர் முடிந்ததும் இருவரும் அந்த அறைக்குள் போய்விடுவார்கள். பேச்சுச் சத்தம் வரும். நடுவில் அம்மா சிரிப்பார்.

லயத்தில் இருந்தபோது அவர்கள் பேசிக்கொண்ட ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரியும். அரிசி, மழை, எங்கள் படிப்பு, யாருக்குக் காய்ச்சல் என்று. இப்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது.

நான் ஹோலில் உட்கார்ந்து டீவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன்.