முப்பத்தெட்டிலிருந்து அறுபதுக்கு

என் நோயின் முதல் அறிகுறியை நான் வாட்ஸ்அப்பில் போட்டேன். ஏழு பேர் கைதட்டினார்கள்.

ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. ஸ்காபரோவில், மல்வேர்னிலும் அதைச் சுற்றியும் இருக்கிற எட்டுப் பெண்கள் சேர்ந்து ஓடுகிற குழு எங்களுடையது. எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஞாயிறு காலையில் அவரவர் கைக்கடிகாரத்தைப் படம் பிடித்துக் குழுவில் போடுவது வழக்கம். ஓடிய தூரத்தை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. எல்லோருடைய கண்ணும் ஓய்வுத் துடிப்பில்தான் இருக்கும் (சும்மா இருக்கும்போது ஒரு நிமிடத்தில் இதயம் எத்தனை தடவை துடிக்கிறது என்ற எண்). பயிற்சி கூடக்கூட அந்த எண் இறங்கும் என்று படித்திருந்தோம். ஆகக் குறைந்த எண் யாருடையதோ, அவருக்கு அந்த வாரம் மற்றவர்கள் தேநீரும் ரோல்ஸும் (இறைச்சியோ மீனோ வைத்துச் சுருட்டிப் பொரித்தது) வாங்கிக் கொடுக்க வேண்டும்.

அன்று என்னுடையது முப்பத்தெட்டு. குழுவில் அதுவரை யாரும் நாற்பத்தைந்துக்குக் கீழே போனதில்லை.

குழுவைத் தொடங்கியவர் ரெஜினா அக்கா. யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கத்தவர், பேக்கரியில் வேலை. உடனே குரல் பதிவு அனுப்பினார்: “கௌரி, உமக்கு உள்ளுக்கு இருக்கிறது இதயமோ ஆமையோ? என்னெண்டு செய்தனீர் எண்டு எங்களுக்கும் சொல்லுமன்.”

நான் சொன்னேன். நான்கு நிமிடம் சொன்னேன். மெதுவாக ஓட வேண்டும், பீட்ரூட் சாப்பிட வேண்டும், ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும் என்று பெரிய பயிற்சியாளர் மாதிரி அளந்துவிட்டேன். அந்தப் பதிவை இன்னும் அழிக்கவில்லை. தலைக்கனம் வரும்போது போட்டுக் கேட்பேன்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. ஊர் மட்டக்களப்பு. ஸ்காபரோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அப்போது என் மகள் அபி பிறந்தநாளுக்கு ஒரு ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டிவிட்டாள். செய்மதியோடு பேசி நான் ஓடிய பாதையை வரைபடத்தில் போடும். வேகத்தையும் துடிப்பையும் தூக்கத்தையும் சொல்லும். அதுவரை என்னை மட்டும் கவனிப்பதற்கென்று வீட்டில் ஒரு பொருளும் இருந்ததில்லை. அதன்மேல் எனக்குக் காதலே வந்துவிட்டது. அதில் எனக்கு இன்றும் வெட்கமில்லை.

வெட்கப்பட வேண்டியது வேறு.

அந்த வசந்தத்தில் என் வேகம் குறைந்துகொண்டே வந்தது. ஏழு நிமிடத்தில் ஓடிய கிலோமீட்டருக்கு ஒன்பது நிமிடம் பிடித்தது. ஓடும்போதுகூடத் துடிப்பு தொண்ணூறைத் தாண்டவில்லை. முன்பெல்லாம் நூற்றைம்பதுக்குப் போகும். இதயம் அலட்டிக்கொள்ளாமல் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மூச்சு வாங்கியதற்குக் காலில் போட்ட புதுச் சப்பாத்தையும் மாதவிடாய் நிற்கிற வயதையும் குற்றம் சொன்னேன்.

கடிகாரத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. ஓய்வில் இருக்கும்போது துடிப்பு நாற்பதுக்குக் கீழே போய் அங்கேயே நின்றால் கையில் அதிரும். பேருந்து ஓட்டும்போது இரண்டு நாள் அதிர்ந்தது. குழுவில் கேட்டேன். நன்றாக ஓடுகிறவர்களுக்கு அது தேவையில்லை, எல்லோரும் நிறுத்தித்தான் வைப்பார்கள் என்று ஒருத்தி சொன்னாள். நானும் ஓட்ட வீராங்கனை என்ற நினைப்பில் நிறுத்திவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, சிவப்பு விளக்கில் பேருந்தோடு நிற்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் பத்தொன்பது பிள்ளைகள். சில வினாடிகளில் தெளிந்தது. தண்ணீர் குடித்தேன். பச்சை விழுந்தது, போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. காலையில் சாப்பிடாதது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அன்று இரண்டு தோசை சாப்பிட்டிருந்தேன்.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ரூஜ் பள்ளத்தாக்குக் காட்டுப் பாதையில் நான்கு பேர் ஓடினோம். ஒரு மேட்டில் ஏறும்போது ரெஜினா அக்காவின் முதுகு தெரிந்தது. அடுத்து தெரிந்தது அவருடைய முகம், எனக்கு மேலே, மரக்கிளைகளுக்கு நடுவில்.

“கௌரி, கதையும்! என்னோட கதையும்!”

பேசுவதற்குப் பதிலாக, கையைத் தூக்கிக் கடிகாரத்தில் ஓட்டப் பதிவை நிறுத்தினேன். சராசரி வேகம் கெட்டுவிடும் அல்லவா!

“விசரி, உதை விட்டிட்டுப் படும்!” என்று கடிகாரத்திலிருந்து என் விரலை விலக்கி, அக்கா அழுதுகொண்டே கத்தினார்.

அம்புலன்ஸுக்கு அழைத்தவர்களால் காட்டுக்குள் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல முடியவில்லை. நான் விழுந்ததை உணர்ந்த கடிகாரம், என் கணவர் வரதனின் கைபேசிக்கு இடத்தை ஏற்கெனவே அனுப்பியிருந்தது. அவர் பதறிப்போய் என் எண்ணுக்கு எடுக்க, அக்காதான் பேசினார். வரைபடத்தைப் பார்த்து, அருகில் இருந்த சாலை முனையை வரதன் சொன்னார். ஆட்கள் அங்கிருந்து தூக்குக் கட்டிலோடு இறங்கி வந்தார்கள். நான் எச்சரிக்கையை நிறுத்தி வைத்த அதே கடிகாரம்.

மருத்துவமனையில் மார்பில் கம்பிகளை ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள் (இதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரைவது). இதயத்தின் மின்னோட்டத்துக்கென்றே தனியாக ஒரு மருத்துவர் வந்தார். என்னைவிட இளையவர். ஒரு தாளில் படம் வரைந்து ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். எனக்கு வந்திருப்பது ஹார்ட் புளொக் (இரத்தக் குழாய் அடைப்போடு இதற்குத் தொடர்பில்லை; இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போக வேண்டிய மின்துடிப்பு வழியில் தடைபடுவது). மேலறை ஒழுங்காகச் சொல்கிறது, கீழறைக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. முதலில் இரண்டில் ஒன்று சேர்ந்தது. அதுதான் என் முப்பத்தெட்டு. இப்போது ஒன்றுமே சேரவில்லை, கீழறை தன் பாட்டுக்கு மெதுவாகத் துடித்துச் சமாளிக்கிறது.

நோயாளிகளுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். ‘புளொக்’ என்று வெளியே தெரிந்தால் உறவுக்காரர் உங்கள் வீட்டுக்கு ஓட்ஸும் உள்ளிப்பூண்டும் கொண்டுவருவார்கள். தேங்காய்ப்பாலை நிறுத்தச் சொல்வார்கள். எனக்கு மூன்று பேர் கொண்டுவந்தார்கள். நன்றி சொல்லி வாங்கி வையுங்கள். விளக்கப் போனால் களைத்துவிடும்.

காட்டில் ஓடுகிறவள் என்று தெரிந்ததும் மருத்துவர் லைம் நோய்க்கும் இரத்தம் எடுக்கச் சொன்னார் (காட்டு உண்ணி கடித்து வரும் தொற்று, சிலருக்கு இதயத்தின் மின்பாதையைத் தாக்கும்). அதுவாக இருந்தால் மருந்திலேயே சரியாகலாம் என்றார். இல்லையென்றால் பேஸ்மேக்கர் (இதயத்துக்குத் தாளம் கொடுக்கும் சிறு மின்கருவி). முடிவு வரும்வரை எங்கள் ஊர்க் கண்ணகை அம்மனை வேண்டிக்கொண்டு கிடந்தேன். உண்ணி கடித்திருக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அம்மன் இரங்கவில்லை. உண்ணி இல்லை.

அன்று மத்தியானம் அபி என் கைபேசியில் கடிகாரத்தின் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

“அம்மா, லோ ஹார்ட் ரேட் அலேர்ட் ஓஃப்ல இருக்கு. ஹூ டிட் திஸ்?”

“நான்தான்.”

“வை?”

“ரோல்ஸுக்கு” என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

மாலையில் மருத்துவர் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். எச்சரிக்கையையும், சிவப்பு விளக்கையும். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“பேருந்தில் குழந்தைகள் இருந்தார்களா?”

“இருந்தார்கள்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். “உங்கள் கடிகாரம் பொய் சொல்லவில்லை. வேகமும் துடிப்பும் ஒன்றாகச் சேர்ந்து இறங்குவதை அது வாரக் கணக்காகக் காட்டியிருக்கிறது. அதைப் பாராட்டு என்று வாசித்தது நீங்கள்” என்றார். தான் எழுத்தில் அனுமதி தரும்வரை நான் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது, செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது முடியுமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

கட்டிலில் திரும்பிப் படுத்து அழுதேன். உயிர் போயிருக்குமே என்பதற்காக அல்ல. அந்தப் பத்தொன்பது பேருக்கும் பெயர் உண்டு, அவை எனக்குத் தெரியும். இனி அந்த இருக்கையில் உட்கார எனக்குத் தகுதி உண்டா என்பதுதான் அந்தக் கோடை முழுதும் என் ஒரே கேள்வியாக இருந்தது.

பேஸ்மேக்கர் வைப்பதை நினைத்துப் பயப்படாதீர்கள். இடது பக்கக் கழுத்தடிக் காறை எலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். அரைமயக்கத்தில் யாரோ இழுப்பது மாதிரி இருந்தது, வலி இல்லை. அடுத்த நாள் வீட்டில் இருந்தேன். கருவி என் மேலறை சொல்வதைக் கேட்டுக் கீழறைக்குச் சொல்லும். ஓடினால் துடிப்பு கூடும். சும்மா இருந்தால் அறுபதுக்குக் கீழே இறங்க விடாது.

கடினமானது அதற்குப் பிறகு வந்த ஆறு வாரம். கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பிகள் உள்ளே பிடிக்கும்வரை இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. வரதன்தான் சீப்பெடுத்துத் தலை இழுத்துவிட்டார். கடிகாரத்தையோ கைபேசியையோ மார்புப் பக்கம் வைக்கக் கூடாது, ஒரு சாண் தள்ளியே இருக்க வேண்டும் (அவற்றிலுள்ள காந்தம் கருவியைக் குழப்பலாம்).

வீட்டுக் கூடத்தில் ஏழு நிமிட நடையோடு மறுபடி தொடங்கினேன். முதல் நாளே கடிகாரம் ‘உங்கள் உடற்தகுதி குறைகிறது’ என்று காட்டியது.

“அதக் கழட்டி எறி புள்ள” என்றார் வரதன், சீப்போடு நின்றபடி. “மனிசர் சாகக் கிடந்து எழும்பி வந்திரிக்கம், இது கணக்குக் கேக்குது.”

“அது சொன்னதக் கேட்டிருந்தா விழுந்தே இரிக்க மாட்டன்” என்றேன்.

எறியவில்லை. எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் மறுபடி இயங்க வைத்தேன். எறிகிறவர்களுக்கும் கும்பிடுகிறவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். எண் இறங்கும்போது உடம்பு இலேசாகிறதா, பாரமாகிறதா என்று சேர்த்துப் பாருங்கள். பாரமானால் குழுவில் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

குழுவுக்கும் இன்னொரு குரல் பதிவு அனுப்பினேன். முதலாவதைவிட நீளம். தோசையையும் ஒளிக்கவில்லை. ஒருத்தி பயந்துபோய் தன் நாற்பத்தேழைக் காட்ட மருத்துவரிடம் ஓடினாள். அவளுக்கு ஒன்றுமில்லை, நல்ல உடற்தகுதியாம். அரைநாள் லீவு போனது என்று இன்னும் என்னோடு கோபம்.

ஓகஸ்டில் பரிசோதனை. மருத்துவர் ஒரு சிறு பெட்டியைக் கருவியின் மேல் வைத்து, மூன்று மாதத்துத் துடிப்பையும் திரையில் வாசித்தார். நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு துடிப்பும் தவறவில்லை” என்றார். “இனித் தலை சுற்றினால் என்ன செய்வீர்கள்?”

“பேருந்தை ஓரம் கட்டிவிட்டு உடனே சொல்லுவேன். சொல்லாமல் ஓட்ட மாட்டேன்.”

கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். படிவத்தோடு அதையும் வேலையிடத்தில் கொடுத்தேன். சிவப்பு விளக்கில் நடந்ததையும் மேலாளரிடம் சொன்னேன். அவர் என்னை வண்டி ஓட்டச் சொல்லி, வீதிச் சோதனை ஒன்று வைத்துவிட்டுத்தான் சாவியைத் தந்தார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறேன். மேட்டில் நூற்றைம்பதைத் தொடுகிறது, அது எனக்குத் திருவிழா. ஞாயிறு காலையில் மற்றவர்கள் ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது என்று போடுகிறார்கள். நான் அறுபது போடுகிறேன். எல்லா வாரமும் அறுபது. “உமக்கு இனி முன்னேற்றமே இல்லையோ?” என்று கேட்கிறார் ரெஜினா அக்கா. ரோல்ஸை மட்டும் எனக்கும் ஒன்று வாங்கி வைக்கிறார்.

நிமிடத்துக்கு அறுபது என்றால் வினாடிக்கு ஒன்று. இது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. முன்பு நேரம் என் கையில் இருந்தது. இப்போது அமைதியாக இருக்கும்போது கழுத்தில் விரலை வைத்தாலே வினாடிகள் போவது தெரிகிறது.

பிள்ளைகளை ஏற்றும் தரிப்பில் ஒரு பிள்ளை நிற்காவிட்டால் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது எங்கள் ஒழுங்கு. பள்ளி திறந்த முதல் நாள் அப்படி ஒரு தரிப்பில் நின்றபோது, பயத்தில் என் துடிப்பு எண்பதில் இருந்தது. இன்று நான்காவது வாரம். அதே தரிப்பில் மறுபடியும் யாரும் இல்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து எண்ணத் தொடங்கினேன். நாற்பது. ஐம்பது. ஐம்பத்து மூன்றில் ஒரு வீட்டுக் கதவு திறந்தது. ஒரு கை மட்டும் போட்ட ஜாக்கெட்டோடு, பையை நிலத்தில் இழுத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் ஓடி வந்தாள்.

எண்ணுவதை நிறுத்தினேன். உள்ளே அது நிற்கவில்லை. பேருந்துக் கதவைத் திறந்து, “ஓடாத, விழுந்திருவாய். அன்ரி நிக்கிறன்தானே” என்றேன்.