மூப்பர் அங்கியில் ஒரு கிரேக்க வார்த்தை

தையல்கடை அக்கா யாருக்கும் அளவு தப்பித் தைத்ததில்லை. கோபமும் அவளுக்கு அப்படித்தான். அவசரப்பட மாட்டாள், ஆனால் விடவும் மாட்டாள்.

அவள் மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தத்தைக் கலைத்தவர் அவர்கள் சர்ச்சின் சபை மூப்பர். யாரும் கேட்காமலே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், "பொண்ணுக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்துச்சு, தெரியுமில்ல?" என்று பற்றவைத்துவிட்டு வந்தார். அக்கா போய்க் கேட்டதற்கு, "நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்" என்றார். அன்றைக்குக் கடையின் இரண்டாவது மெஷினில் உட்கார்ந்த மகள் அதன் பிறகு சிரித்து யாரும் பார்க்கவில்லை. மனுஷனா அவர்!

வேத வகுப்பில் ஒருநாள் போதகர் ஒரு கிரேக்க வார்த்தையைப் பலகையில் எழுதினார். வேதம் முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறதாம். சரியான பொருள் இன்னதென்று பண்டிதர்களுக்குள்ளேயே இழுபறியாம். "தனக்குச் சம்பந்தமில்லாத அடுத்தவங்க விஷயத்துக்குத் தானே மேஸ்திரியா போய் நிக்கிறவன்னு வச்சுக்கலாம். அப்போஸ்தலர் பேதுரு தன் கடிதத்துல இவனைக் கொலைகாரன், திருடனோட ஒரே வரியில சேத்துட்டார்" என்றார். அக்கா அதை எழுத்துக்கு எழுத்து பார்த்து வரைந்துகொண்டாள்.

மூப்பர் தன் பாராட்டு விழாவுக்குப் புது அங்கி தைக்க அவளிடமே வந்தார். செய்ததெல்லாம் அவருக்கு மறந்தே போயிருந்தது.

"நெஞ்சுல வேதத்துலேர்ந்து ஒரு கிரேக்க வார்த்தை, ஜரிகையில. நீங்களே பாத்துப் போடுங்க. பாக்கிறவங்க அசந்துடணும்."

"அசந்துடுவாங்க மூப்பரே."

மகள் பயந்தாள். "வேணாம்மா. அப்படியே போட்டாலும் யாரும் அர்த்தமே கேக்கலைன்னா?"

"அவரே கேப்பாரு. அந்த ஆளால எதையும் சும்மா விட முடியாது."

விழாவில் அங்கியைப் பார்த்ததும் போதகரின் முகம் வெளுத்தது. லேசாக இருமிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். அத்தோடு விட்டிருந்தால் மூப்பர் தப்பித்திருப்பார். விடுவாரா?

"ஐயா, என் நெஞ்சையே பாத்தீங்களே? அர்த்தத்தை மைக்குல சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

"அப்புறம் சொல்றேனே..."

"இப்பவே சொல்லுங்க!"

போதகருக்குப் பொய் சொல்ல வராது. சொன்னார். கொலைகாரன், திருடனையும் சேர்த்தே சொன்னார். பின்வரிசையில் ஒருத்தி மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். அக்கா திரும்பிப் பார்த்தாள். மகள்தான்.

மூப்பர் அங்கியைக் கழற்றப் பார்த்தார். பொத்தான்களையெல்லாம் அக்கா முதுகுப் பக்கம் வைத்திருந்தாள். அவர் கை எட்டவில்லை. அக்கா எழுந்து, நிதானமாக மேடையேறி, அவர் பின்னால் போய் நின்றாள்.

"நான் கழட்டி விடட்டுமா மூப்பரே? நல்லதுக்குத்தான் தச்சேன்."