நீலப் பட்டாணி

மூன்று வருடங்களுக்கு முன்பு கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கணவருக்குக் கள்ளக்குறிச்சியில் வேலை. சனி, ஞாயிறுதான் மலையேறி வருவார். மகளுக்கு அப்போது இரண்டே கால் வயது. நான் பள்ளிக்குப் போகும் நேரத்தில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவார். என்னைவிடச் சின்னவர், காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

அவர் விளையாட்டுக் காட்டுகிற விதம் எனக்குப் பிடிக்காது. ஒரு குண்டானில் தண்ணீர், இரண்டு கொட்டாங்குச்சி, வாசல் மண், அவ்வளவுதான். சாயங்காலம் வந்து பார்த்தால் மகளுக்கு முழங்கை வரை சேறு. நான் போனில் பார்த்ததெல்லாம் வேறு. விரல் பழகும், மூளை வளரும் என்று சொல்லி எவ்வளவு அழகாகச் செய்கிறார்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமை, காய்ந்த பட்டாணியைக் கலர்பொடித் தண்ணீரில் முக்கிக் காயவைத்து, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கிண்ணங்களில் போட்டேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தேன்.

மறுநாள் அந்தப் பெண் கிண்ணங்களைப் பார்த்துவிட்டு, "இது வேணாங்க டீச்சர். சின்னக் கொழந்த, மூக்குல காதுல போட்டுக்கினா இன்னா பண்றது?" என்றார்.

"மண்ணுல விடுறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சாயங்காலம் வந்தபோது கிண்ணங்கள் அலமாரியின் மேல்தட்டில் இருந்தன. அவர் கொடுக்கவே இல்லை. எனக்குக் கோபம். நானே எடுத்து மகள் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்தினேன். மூன்று நாள் சாயங்காலமும் அப்படித்தான்.

அடுத்த வாரம் மகளுக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது. ஒரு பக்கம் மட்டும். சளி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. பிறகு நாற்றமும் சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை காலை அந்தப் பெண் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். எதிரே குழாயடியில் நாலைந்து பேர் குடத்தோடு நின்றிருந்தார்கள்.

"அழுக்குத் தண்ணியில விட்டு விட்டுத்தான் குழந்தைக்கு இப்படி ஆயிருக்கு. உன் வீட்டுல எப்படியோ, எங்களுக்குச் சுத்தம் வேணும். இனிமே நீ வராத."

அவர், "ஒரு பக்கம்தான் ஒழுவுதுன்னா, மூக்குல எதுனா இருக்குதான்னு பாருங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அது என் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை கணவர் வந்து மகளைப் பார்த்துப் பதறிப்போய், உடனே கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் மூக்கில் விளக்கடித்துப் பார்த்தார். கணவர் கைகளையும் நான் தலையையும் பிடித்துக்கொண்டோம். மகள் கதறினாள். சின்னக் கொக்கி போன்ற ஒன்றால் டாக்டர் வெளியே இழுத்தது, ஊறி உப்பிய ஒரு பட்டாணி. சாயம் பாதி போயிருந்தும் நீலம் என்று தெரிந்தது.

"மூச்சுக்குழாய்ல இறங்கியிருந்தா உயிருக்கே ஆபத்தும்மா. யாரு இதெல்லாம் விளையாடக் குடுத்தது?" என்று கேட்டார் டாக்டர்.

"பாத்துக்கிற பொண்ணு ஒண்ணு இருந்தது சார். அனுப்பிட்டோம்" என்றேன்.

அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஸ்டேட்டஸில் அந்தக் கிண்ணங்களை அவரும் பார்த்திருந்தார். பஸ் மலையேறி முடிக்கும்வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். வரப்போரமாகக் கூப்பிட்டு, டாக்டரிடம் சொன்ன பொய் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

"பாப்பாவுக்கு ரொம்ப வலிச்சுதா?" என்றுதான் முதலில் கேட்டார்.

மன்னித்துக்கொள், மறுபடி வா என்றேன். "வேணாங்க டீச்சர். இன்னொரு வூட்லயும் கொழந்தைய பாத்துக்க கூப்ட்டுக்கினு இருந்தாங்க. நீங்க சத்தம் போட்டத குழாயடில கேட்டாங்க இல்ல, அவங்களும் வேணாம்னுட்டாங்க. எனக்கு இந்த வேலையே போதும்." குரலில் கோபம் இல்லை. மறுபடி குனிந்து களை எடுக்கப் போய்விட்டார்.

குழாயடிக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். தினமும் நினைப்பேன். அந்தப் பெண்களைப் பார்த்ததும், "மகளுக்கு இப்ப தேவலை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அடுத்த ஜூனில் திருக்கோவிலூர்ப் பக்கம் மாற்றல் கிடைத்து இறங்கிவிட்டோம்.

நாலு பேர் கேட்கத் திட்டிவிட்டு, யாரும் கேட்காத இடத்தில் மன்னிப்புக் கேட்டேன். அதை மன்னிப்புக் கணக்கில் சேர்க்க என் மனசு இன்னும் ஒப்பவில்லை.