இன்னும் நாலு கேள்வி பாக்கி, குமரவேல் அண்ணே

14-ஆம் தேதி, திங்கள், காலை 6.10. வாட்ஸ்அப் குரூப்ல இருபத்து மூணு மெசேஜ். எல்லாம் கும்புடுற கை.

குமரவேல் அண்ணன் போயிட்டார்.

நான் நம்பல. அவர் நம்பருக்கே அடிச்சேன். அவர் மச்சான்னு ஒருத்தர் எடுத்து, "ஆமாங்க, விடிகாலைலங்க. சொந்த ஊருக்கு, சேத்தியாத்தோப்புக்குத்தான் எடுத்துகினு போறோம்"னார். அப்பவும் பின்னாடி அண்ணன் சிரிக்கிற சத்தம் வருதான்னுதான் காது கொடுத்துக் கேட்டேன்.

அவரோட ஆடினவங்களுக்கு இந்த சந்தேகம் புரியும்.

மத்தவங்களுக்கு... நிலக்கரி மைன்ஸ்ல அவர் கன்வேயர் மெயின்டனன்ஸ், நான் இன்ஸ்ட்ருமென்டேஷன். ஒரே ஷிஃப்ட்ல இருந்தப்ப டிபன் நேரத்துல ஆரம்பிச்ச விளையாட்டு. ஒருத்தர் மனசுல ஒரு பிரபலத்தை நினைச்சுக்கணும். மத்தவங்களுக்கு இருபது கேள்வி. பதில் ஆமா, இல்ல மட்டும்தான்.

பிரபலம்னா என்னன்னு மொத நாளே சண்டை. கடைசியில, ஆடுற எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளா இருந்தா போதும்னு முடிவாச்சு.

ஷிஃப்ட் பிரிஞ்சதும் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் கால்ல தொடர்ந்தோம். நான், அண்ணன், லேப்ல இருக்குற சுமதி அக்கா, குள்ளஞ்சாவடி பாபு. பாபுதான் ரெஃப்ரி. நினைச்ச பேரை ஆரம்பிக்கும்போதே அவனுக்கு அனுப்பிடணும்.

அந்த ரூல் வந்ததே என்னாலதான். அண்ணன் நடுவுல பேரை மாத்துறார்னு எனக்கு சந்தேகம்.

அவர் பதிலுக்கு ரெண்டு ரூல் போட்டார். ஒண்ணு, யாராவது கண்டுபிடிக்கிற வரைக்கும் பேரை உடைக்கக் கூடாது, மிச்சக் கேள்வி அடுத்த வாரம். ரெண்டு, நினைச்சவருக்கு சிக்னல் போயிட்டா ரெஃப்ரி பதில் சொல்லலாம். டூட்டி முடிஞ்சு பஸ்ல வந்துகினே ஆடுறவங்களுக்கு அது இல்லாம முடியாது.

அவர் கேக்குற கேள்வி இருக்கே... முறைப்படி ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருக்குற ஆளுங்கள்ல பாதிப் பேரைக் கழிக்கணும். இவர் எடுத்ததும், "நம்ம மைன்ஸ் டவுன்ஷிப்ல அவர் பேர்ல ரோடு இருக்கா?"ம்பார். உலகத்துல வேற எவனாவது இப்படிக் கேப்பானா? ஆனா அஞ்சாவது கேள்வியிலயே ஆளைப் பிடிச்சுடுவார். ஒரு தடவை, நான் நினைச்சிருந்த பழைய வில்லன் நடிகரை மூணே கேள்வியில பிடிச்சார்.

பாபு பேரைக் கசியவிடுறான்னு நினைச்சேன். இல்லாட்டி அண்ணன் கூகுள் பண்றார். ஏன்னா கொஞ்ச நாளாவே கேமராவை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஆடினார். கேட்டா, "இடுப்பு வலிடா, வூட்ல படுத்துகினு இருக்கேன். என் மூஞ்சியப் பார்த்து என்ன பண்ணப் போற"ம்பார்.

நேத்துக்கு முந்தின ஞாயிறு பேர் நினைக்கிற முறை அவரோடது.

சுமதி அக்கா வழக்கம்போல மொதக் கேள்வி. "உயிரோட இருக்காரா?"

சாதாரணமா டக்குனு பதில் வரும். அன்னிக்கு வரல. கூகுள் பண்றீங்களான்னு கத்தினேன்.

"இப்போதைக்கு இருக்கார்"னார்.

ஆமா, இல்ல மட்டும்தான் சொல்லணும்னு சண்டை போட்டேன். சிரிச்சார், இருமினார். "சரிடா இன்ஜினியர். ஆமா"ன்னார்.

ஆம்பளையா, ஆமா. சினிமா, இல்ல. அரசியல், இல்ல. கிரிக்கெட், இல்ல. அவர் கேள்வியையே திருப்பிக் கேட்டேன், டவுன்ஷிப்ல ரோடு இருக்கான்னு. "ரோடு போடுற அளவுக்கெல்லாம் ஆளு இல்லடா"ன்னார். அப்பவும் எனக்கு மண்டையில ஏறல. பதினாறு கேள்வி ஓடியும் ஆள் மாட்டல. யாரையுமே நினைக்காம சும்மா அடிச்சு விடுறார்னு சொல்லிட்டு ஃபோனை வெச்சேன்.

நேத்து பாக்கி ஆட்டம். அண்ணன் கால்லயே வரல. பாபு, "எங்க ஊர்ல கரண்ட் இல்லடா, அடுத்த வாரம் பாக்கலாம்"னு மெசேஜ் போட்டான். குள்ளஞ்சாவடியில எங்க சித்தப்பா இருக்கார். உடனே அவருக்கு ஃபோன் போட்டேன். பின்னாடி டிவி ஓடுது.

காலையில பாபுகிட்ட பேசினேன். குளிச்சுட்டு வர வூட்டுக்கு வந்திருக்கான். நேத்து எங்கடா இருந்தன்னேன். அண்ணன்கூட ஆஸ்பத்திரியில இருந்தேன்னான். எவ்ளோ நாளா உனக்குத் தெரியும்னு கேட்டதுக்கு, வடலூர் வரைக்கும் பஸ்ல வந்துடுறேன்னான்.

"அந்தப் பேரைச் சொல்லு."

"உடைக்கக் கூடாதுடா. அவரு போட்ட ரூலு. இன்னும் நாலு கேள்வி இருக்கு. கேளு, நான் பதில் சொல்றேன்."

நான் கேக்கல. வெச்சுட்டேன்.

என் சந்தேகம் இதுதான். அவர் நினைச்சது அவர் பேரைத்தான். அப்படின்னா அன்னிக்கே அவருக்குத் தெரியும். பாபுகிட்ட சொல்லியிருக்கார். என்கிட்ட சொல்லல.

இல்லாமலும் இருக்கலாம். அவர் அடிச்சு விடுற ஆளு.

இனி செய்யப் போறது:

1. வடலூர் பஸ் ஸ்டாண்ட்ல பாபுவை என் வண்டியில ஏத்திக்குவேன். சேத்தியாத்தோப்பு வரைக்கும் இறங்கி ஓட முடியாது.

2. பதினேழாவது கேள்வியை வண்டி ஓட்டிக்கிட்டே கேப்பேன். அவன் மூஞ்சியைப் பார்க்க வேணாம். "அவர் நம்ம நாலு பேர்ல ஒருத்தரா?"

3. இல்லன்னா, மிச்சம் மூணு கேள்வி இருக்கு. விட மாட்டேன்.

4. ஆமான்னா, அதுக்கு மேல கேக்க மாட்டேன். உங்க ரூல்படி பேரை உடைக்காம அப்படியே வெச்சுக்கறோம். போயிட்டு வாங்கண்ணே.