டிடாச்ட் என்றால் தனி வீடு

எஹலியகொடப் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டத்தில் மழை விட்ட பிறகும் மரங்கள் வெகுநேரம் தூறிக்கொண்டிருக்கும். அப்படியொரு ஞாயிறு மத்தியானம், பாதித் தூக்கத்தில், தோட்டத்து ஆட்களுக்குக் கட்டித்தரப்போகும் புது வீட்டுக்கான படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட லயத்தில், அம்மாவின் காம்பராவில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேகாலையில் மருந்துக்கடை வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிய காரியம்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். ‘அட்டாச்ட்’ என்றால் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரே சுவர். மற்றது ‘டிடாச்ட்’.

“டிடாச்ட்னா என்னா புள்ள?”

“தனி வீடும்மா. நாலு செவரும் நமக்கே.”

சொல்லும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை. லயத்து விலாசம் எழுதி எழுதிக் கூசிப்போன கை இது.

பள்ளிக்கூடத்தில் அந்த வார்த்தைக்கு மூன்று அர்த்தம் எழுதிப் போட்டார்கள்: கழன்றது, தனித்தது, ஒட்டுதல் இல்லாதது. முதலாவது எனக்கு உடனே பிடிபட்டது. பால்வெட்டப் போன அம்மா, மரத்தின் வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடாவாக உரித்தெடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மூன்றாவதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன்.

“மதினி, மழ விட்டுருச்சா?” என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து அத்தையின் குரல் வந்தது. இரத்த உறவு கிடையாது, கூப்பிட்டுப் பழகிய அத்தை. இடைச்சுவர் கூரை வரை போகாது. அந்த இடைவெளி வழியாகக் குரலும் புகையும் கருவாட்டு வாசமும் தாராளமாக வரும்.

“விட்டுருச்சு. மரந்தான் ஊத்துது,” என்றாள் அம்மா, படுத்தபடியே.

சுவர் தாண்டிப் போய்வரும் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். அன்று வரவில்லை. அப்பா போன பிறகு அம்மா தனியாகக் கிடக்கிறாள் என்று கேகாலையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் ஒரு நாளும் தனியாக இருந்ததில்லை என்பது அந்த அரைத்தூக்கத்தில்தான் உறைத்தது. படிவத்தில் பேனாவை வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

“அம்மா, அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. மனசு ஒட்டாம, வெலகி இருக்கிறவங்களயும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

அம்மா கூரைத் தகரத்தைப் பார்த்தபடி யோசித்தாள்.

“கேகாலைக்குப் போனதுலேருந்து நீ இருக்கியே, அது மாதிரியா?”

குரலில் கோபமில்லை. அர்த்தம் சரியாகப் புரிந்ததா என்றுதான் கேட்டாள்.

“ஆமாம்மா.”

“அப்படின்னா எனக்கு அது வேணாம். ஒரு வீட்டுக்கு ஒரு ஆளு அப்படி இருந்தா போதும்.”

அட்டாச்ட் கட்டத்தில் சரி போட்டேன். அடுத்த வீட்டுக்காரர் என்ற இடத்தில் அத்தையின் பெயரை எழுதினேன். அம்மா எழுந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.