எல்லா ஊருக்கும் ஒரே ஞாயிறு

மென்பொருள் எழுதுகிறவன் என்று சொன்னால் மன்னாரில் முதலில் வருகிற கேள்வி, "அப்ப போன் திருத்துவீங்களோ?" என்பதுதான். திருத்த மாட்டேன். அந்தக் கடுப்பில்தான் நண்டு வாங்கும் நிலையங்களுக்கு ஒரு செயலி செய்து காட்டுகிறேன் என்று கிளம்பினேன். வந்த நண்டின் நிறையைப் பதிந்தால் போதும், ஐஸ் லொறிக்கு அதுவே தகவல் அனுப்பிவிடும்.

அரிப்பு, சிலாவத்துறை, இலுப்பைக்கடவை. மூன்று ஊருக்கும் மூன்று விதமான தேவை. ஒன்றை எழுதிவிட்டு, மற்றதற்குப் படியெடுத்து, அங்கே வெட்டி இங்கே ஒட்டுகிற ஆள் நானில்லை. ஒரே ஒரு மாதிரிப்படம் கீறுவேன். எல்லோருக்கும் பொதுவானது நடுவில், ஊருக்கு ஊர் மாறுவது ஓரத்தில் தெரிவுகளாக. தெரிவுகளைக் குறித்துப் பொத்தானை அமுக்கினால் ஒவ்வோர் ஊருக்குமான செயலியையும் கணினியே எழுதித் தரும். படகின் வகை, நண்டின் தரம் என்று பதினேழு தெரிவு வைத்திருந்தேன். நான் கெட்டிக்காரன் என்று எனக்கே பட்டது.

கொடுத்த முதல் ஞாயிறே, தேவாலயப் பூசையில் பிரசங்கத்தின் நடுவே என் போன் அலறியது. சுவாமியார் முறைத்தார். வெளியே ஓடினேன். பேசியது சிலாவத்துறை நிலையத்தை நடத்தும் ராத்தா; அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"தம்பி, லொறியைக் காணேல்ல. டிரைவரைக் கேட்டா, உங்கட சாமான் இண்டைக்கு லீவெண்டு சொல்லிப்போட்டுதாம். ஆருக்கு லீவு? நாப்பது கிலோ நண்டு கிடந்து காயுது!"

மன்னார்த் தீவில் பிறந்த கத்தோலிக்கன் நான். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அதைத் தெரிவாகக்கூட வைக்காமல், எல்லோருக்கும் பொதுவானதோடு நடுவில் போட்டிருந்தேன். முஸ்லிம் ஊருக்கும் ஞாயிறு ஓய்வு! அட மடையா!

டிரைவரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி லொறியை அனுப்பினேன். அது போய்ச் சேர்வதற்குள் பாதி நண்டு பழுதாகிவிட்டது.

"இன்னொருக்கா இப்பிடி நடந்தா, இதைக் கழட்டி எறிஞ்சிட்டு நான் பழையபடி போனில கதைச்சுக்கொள்ளுறன்" என்றார் ராத்தா.

அன்றே படத்தைத் திருத்தினேன். ஓய்வுநாளை நடுவிலிருந்து பிடுங்கித் தெரிவாக்கினேன்: ஞாயிறு அல்லது வெள்ளி. சிலாவத்துறைக்கு வெள்ளி. பொத்தானை அமுக்க, மூன்று செயலிகளும் புதிதாக வந்தன. மறுநாள் மோட்டார் சைக்கிளில் போய்ப் பெருமையோடு காட்டினேன்.

"இனி ஞாயிறு லொறி வரும் ராத்தா. வெள்ளிக்கிழமைதான் வராது."

ராத்தா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். நண்டு அவித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழமையும் விடிய வலை எடுத்திட்டுத்தான் எங்கட ஆக்கள் ஜும்மாவுக்குப் போறவங்கள். எங்களுக்கு லீவெண்டு ஆர் சொன்னது?"

"நான்... நானாத்தான் நினைச்சன்."

"ஓம். முதல்ல எங்களை விட்டிட்டுக் கீறினீங்க. இப்ப எங்களைக் கேக்காமக் கீறியிருக்கிறீங்க. தொண்ணூறில ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, திரும்பி வந்து குடியேறின நாளில இருந்து எங்களுக்கு இதுதான் தம்பி நடக்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. கணினியை மூடிவைத்தேன்.

"உங்களுக்கு எந்தெந்த நாள் லொறி வேணும் ராத்தா?" என்று முதன்முறையாகக் கேட்டேன்.