அவர் பேச மறுத்த வசனம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு ஐப்பசி மாதம். பாளையங்கோட்டையில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்தின் வராந்தாவில் நானும் என் கணவரும் எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம்.

கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர் அவர். நாலு பேர் கூடிய இடத்தில் அவர் குரல்தான் முதலில் கேட்கும். பக்கவாதம் வந்தபின் நடை தேறிவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. நாம் சொல்வது புரியும், எழுதிக் காட்டினால் வாசிப்பார், வாய்க்கு வார்த்தை வராது. மாதக்கணக்கில் வீடே ஊமையாகிக் கிடந்தது.

நான் பத்திரிகைகளுக்கு எப்போதாவது சிறுகதை அனுப்புகிறவள். அது தெரிந்த பயிற்சியாளர், "புருஷனும் பொண்டாட்டியும் பேசுற மாதிரி நீங்களே ஒரு சின்னக் கதை எழுதுங்க. உங்க பங்கை நீங்க வாசிங்க, அவர் பங்கை சார் சொல்லிப் பார்க்கட்டும்" என்றிருந்தார். எனக்கு உள்ளூரப் பெருமை. பார்த்துப் பார்த்து எழுதினேன்.

வராந்தாவிலேயே ஒத்திகை பார்த்தோம். "மழை வரும் போலிருக்கிறதே, குடை எடுத்துக்கொண்டீர்களா?" என்று நான் வாசித்தேன். "எடுத்துக்கொண்டேன், நீ கவலைப்படாதே" என்று அவர் சொல்ல வேண்டும். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் வாசித்தேன். தாளைத் தட்டிவிட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விழுந்த தாளை எடுத்துத் தந்தது பக்கத்தில் இருந்த ஒரு பெண். என்னைவிடச் சின்னவள். பேச்சுப் போன தன் அண்ணனைக் கடலோரப் புன்னக்காயலிலிருந்து கூட்டி வந்திருந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. வீட்டுல அண்ணாச்சி இப்படியா பேசுவாவ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க! மழைன்னா, 'ஏட்டி, துணி நனையுது, அங்கன என்ன செய்யுத'ன்னு ஒரு சத்தம்தான்."

"பின்ன அதையில்லா எழுதணும்! எங்க அண்ணனை 'தண்ணி வேணும்'னு சொல்லச் சொன்னா வாயே தெறக்க மாட்டான். ஒருநாள், 'உன் வலையை எவனோ அறுத்துட்டாம்லா'ன்னு சும்மா சொல்லிப் பார்த்தேன். வந்துச்சு பாருங்க ஒரு கெட்ட வார்த்தை! எங்க அம்மை சிலுவை போட்டுக்கிட்டே சந்தோசத்துல அழுதா."

அவள் அண்ணன் தலையைக் குனிந்து சிரித்தார். உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்து போனவள் திரும்பி, "அவிய சொல்ல வேண்டியதையும் நீங்களே எழுதிராதீங்கக்கா. கொஞ்சம் எடம் விடுங்க" என்றாள்.

மறுநாள் மத்தியானம் எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிய சொதிக் குழம்பு. அவர் பேச வேண்டிய இடத்தை வெறும் புள்ளிகளாக விட்டு ஒரே ஒரு வரி எழுதி, தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் ஒரு வாய் சாப்பிட்டதும் வாசித்தேன்: "உங்க அம்மா வைக்கிற சொதியெல்லாம் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியுமா?"

அவர் நிமிர்ந்தார். உதடு துடித்தது. கை தட்டைத் தள்ளியது.

"பொ... பொய்யி!"

அடுப்படியிலிருந்து மகள் ஓடி வந்தாள். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருக்கோ என்மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்ல அடுத்த வாரம் மையத்துக்கு ஓடினேன். அண்ணனும் தங்கையும் பயிற்சியைத் தூத்துக்குடிக்கு மாற்றிக்கொண்டார்களாம். பேரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

இன்று அவர் நிறுத்தி நிறுத்தி முழு வாக்கியமே பேசுகிறார். என் கதைகளை அவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன். "இப்படி... எவன்... பேசுவான்?" என்று அவர் கேட்டால் அந்த வரியை அடித்துவிடுவேன். அவர் என்னைத் திட்டுகிற திட்டுகூட, அந்தத் தங்கச்சி எனக்கு மீட்டுக் கொடுத்ததாகத்தான் என் காதில் விழுகிறது.